ஓசி வைத்தியம் என்ற பேச்சு

“ஓசியில் பார்க்கிறார்கள், கொஞ்சம் காத்திருந்தால் என்ன?” அரசு மருத்துவமனை வரிசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்தப் பதில்தான் வருகிறது. சொல்பவர்களில் பலர் அந்த வரிசையில் நின்றதே இல்லை. நிற்பவர்களும் இதை நம்பிவிட்டார்கள் என்பதுதான் கொடுமை. ஓசியாம்! சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிற ஜனங்கள் அவர்கள்.

இலவசம்தான் வரிசையை உண்டாக்குகிறது என்றால் இங்கிலாந்துக்கு என்ன விளக்கம்? அங்கே தேசிய சுகாதாரச் சேவை 1948-இல் தொடங்கியது. 1990-களில் அறுவை சிகிச்சைக்கு ஓராண்டுக்கு மேல் காத்துக்கிடந்தவர்கள் ஏராளம். குடும்ப மருத்துவர் அனுப்பிய 18 வாரத்துக்குள் சிகிச்சை என்று இலக்கு வைத்து, பணத்தையும் ஒதுக்கி, 2008 வாக்கில் பெரும்பாலோருக்கு அதை நடத்திக்காட்டினார்கள். பிறகு பிடி தளர்ந்தது. 2023-இல் காத்திருப்புப் பட்டியல் 75 லட்சத்தைத் தாண்டியது. அன்றும் இலவசம், இன்றும் இலவசம்.

நம் ஊர் இதய நோய் ஓ.பி.யைப் பாருங்கள். எல்லோரையும் காலை ஏழரைக்கே வரச் சொல்கிறார்கள். டாக்டர் வார்டு ரவுண்ட்ஸ் முடித்து வரப் பத்து மணியாகிவிடுகிறது. ஒரு மாத மாத்திரைக்காக வந்த பழைய நோயாளிகளுக்கு நடுவே, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற புது ஆள் ஒருவர். அவர் முறை வந்ததும், “எக்கோ எடுத்துட்டு வாங்க” என்கிறார்கள். எக்கோவுக்குத் தேதி அடுத்த மாதம். எடுத்துக்கொண்டு வந்தால் மறுபடியும் அதே வரிசை. அவரை அனுப்பிவைத்த தாலுகா மருத்துவமனையிலேயே எக்கோவுக்குத் தேதி வாங்கிக் கொடுத்திருந்தால் ஒரு அலைச்சல் மிச்சம். மாத்திரைக்காரர்களை இவ்வளவு தூரம் வரவழைப்பதும் அநாவசியம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இலேயே வந்துவிட்டதே!

அறுவை சிகிச்சையில் வேறு கூத்து. ஒரு யூனிட்டில் தேதி கிடைக்காமல் ஆட்கள் காத்திருக்க, பக்கத்து யூனிட்டில் இடமிருந்தாலும் மாற்றிவிட மாட்டார்கள். சாதாரண ஹெர்னியாவை எந்த யூனிட் செய்தால்தான் என்ன?

டாக்டர் பற்றாக்குறை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நிரப்பத்தான் வேண்டும். ஆனால் ஓசியில் கிடைப்பதற்குக் கேள்வி கேட்கக் கூடாது என்று நோயாளியே ஒதுங்கிக்கொண்டால் காலியிடத்தைப் பற்றி யார் கேட்பது? எக்கோவுக்கு எத்தனை நாள், ஹெர்னியாவுக்கு எத்தனை வாரம் என்று ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்திலேயே மாதாமாதம் பலகையில் எழுதிப் போடட்டும்.