கூரையெல்லாம் மின் விளைக!

கொங்குத் தமிழ்மக்களே!

பைக்காரா ஆற்றுநீர் 1932-இல் மின்னாக மாறிக் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின, ஊர் தொழில்நகராயிற்று. மின்னை ஆள்பவன் தொழிலை ஆள்வான். இவ்வுண்மையை 2012-இன் மின்வெட்டு, தறிகளும் பட்டறைகளும் மணிக்கணக்கில் வாளா கிடந்தபோது, மீண்டும் உணர்த்தியது.

நாம் கற்ற பாடம் யாது? சத்தீசுகரின் இராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 800 கிலோவோல்ட்டு உயரழுத்தத் தடம் இழுக்கப்பட்டது. விளைநிலங்களில் கோபுரங்கள் எழுந்தன. 2018-இல் கொங்கு உழவர் போராடிப் பார்த்தனர். கமுதியிலோ, 2016-இல் எழுந்த 648 மெகாவாட்டுக் கதிர்மின் பண்ணை ஏறத்தாழ 2,500 ஏக்கரை விழுங்கிற்று. மின் வேண்டும், ஆனால், அதற்கு உழவன் நிலமே இரையாக வேண்டுமா? நம் தலைக்குமேல் கூரைகள் வெறுமனே வெயில் காய்கின்றனவே!

கட்டி முடித்தபின் மாடியில் இரும்புக்கால் நட்டுப் பலகை ஏற்றுவதை மட்டும் யாம் சொல்லவில்லை. கூரையே மின்பலகையாக, சாளர மறைப்பே மின்பலகையாகக் கட்டடத்தோடு பிறக்க வேண்டும். ஓட்டுக்கும் தகட்டுக்கும் ஆகும் செலவு அதிலேயே கழியும். ஏறத்தாழ 100 சதுர அடி இருந்தால் ஒரு கிலோவாட்டு; நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு மின்.

நம் நிலம் 11 பாகை வடக்கே உள்ளது. கதிரவன் உச்சியில் செல்கிறான். எனவே சுவரினும் கூரையே மிகுதியாய் விளைக்கும். தெற்கு நோக்கிய மென்சாய்வே சிறந்தது. வெப்பம் ஏற ஏற விளைவு குறையுமாதலின், பலகைக்கு அடியில் காற்றோட விடுவது இன்றியமையாதது. பழைய நூற்பாலைகளின் வாட்பல் கூரையைப் பாருங்கள்! வடபுறம் கண்ணாடி, தென்புறம் சாய்வு. இதற்கென்றே கட்டியதுபோல் நிற்கிறது! வெயிலும் காற்றும் அறிந்து தொட்டிக்கட்டு வீடு கட்டிய மரபினர்க்கு இஃது அரிய கலையா?

தடைதான் எங்கே? தில்லி 2024-இல் ஒரு கோடி வீடுகளுக்கெனத் திட்டம் அறிவித்தது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 உருபா நல்கை. அதன் பெயரோ 'சூரிய கர் முப்து பிச்லி யோசனா'! பணம் நம் வரிப்பணம். வெயில் நம் வெயில். பெயர் மட்டும் இந்தி! பல்லடத்துத் தறிகாரர்க்கு இப்பெயர் என்ன சொல்லும்? உரிய நல்கையைத் தயங்காது பெறுக. 'கூரைமின் திட்டம்' என்றே எழுதுக, பேசுக!

சென்னையும் பழியினின்று தப்பாது. தன் கூரையில் மின் விளைத்த தொழில்முனைவோரிடம் 2021-இல் வலையமைப்புக் கட்டணம் கேட்கப்பட்டது. சிறுதொழிலார் முறையிட்டபின், 2023-இல் அதில் பாதி குறைக்கப்பட்டது. முயல்வோனைத் தண்டிப்பது எவ்வகை ஊக்கம்?

'செலவு மிகுதி; வற்புறுத்தல் ஆகாது' என்பார் உளர். 2003-இல் மழைநீர்ச் சேமிப்பை ஒவ்வொரு கட்டடத்திற்கும் இதே தமிழ்நாட்டரசுதான் கட்டாயமாக்கியது. வானின் நீருக்குச் செய்ததை வானின் ஒளிக்கும் செய்க! புதிய ஆலை, பள்ளி, திருமண மண்டபம் எதற்கும் மின்விளை கூரையின்றிக் கட்டட இசைவு தராதே! வீடு கட்டுவோர்க்குக் கூட்டுறவு வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தருக!

அரசு ஆணையிடும்வரை நாம் கைகட்டி நிற்பதும் இழிவே. முகப்பு அணிக்கும் பளிங்குக்கும் இலக்கக்கணக்கில் இறைப்போரே, அதில் ஒரு பங்கைக் கூரைக்குத் தருக! அடுத்த கால்கோளின்போதே கொத்தனாரிடம் கேளுங்கள்: "தென்சாய்வு எங்கே?"

தன் விளக்கைத் தானே ஏற்றாத இனம் பிறர் ஒளியில் நிழலாய்த் தேயும். கூரையில் தொடங்குக தன்னாட்சி!