பழநிக்கு நடப்பவர்களுக்குப் பாதை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பூசக் கூட்டத்தைச் சமாளிப்பது பற்றிப் பேச்சு எழுந்தாலே அரசுத் துறைகளின் கண் பழநி அடிவாரத்துக்குத்தான் போகிறது. தடுப்புக் கட்டைகள், கண்காணிப்புக் கேமராக்கள், சிறப்புப் பேருந்துகள் என்று அங்கே வேலைகள் மும்முரமாக நடக்கின்றன. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 முதல் மலையைச் சுற்றியுள்ள கிரிவீதிக்குள் தனியார் வாகனங்கள் நுழைவதும் நின்றிருக்கிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய மாற்றம் இது. ஆனால் மலை ஏறும் 693 படிகளுக்கு முன்னால் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் சாலையில் நடந்து வருகிறார்களே, அவர்களை யார் பார்த்துக்கொள்வது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தவர்கள் குன்றக்குடி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் வந்து சேர்கிறார்கள். மதுரையிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் கிளம்பும் குழுக்கள் ஒட்டன்சத்திரத்துக்குள் அவர்களோடு கலந்துவிடுகின்றன. திண்டுக்கல்லிலிருந்து பழநிக்குச் சுமார் 60 கிலோமீட்டர். கோவைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை அது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வந்து போகும் லாரிகளும் அதே சாலையில்தான் ஓடுகின்றன.

பகல் வெயிலில் தார் கொதிப்பதால் பெரும்பாலோர் பொழுது சாய்ந்து கிளம்பி விடியும்வரை நடக்கிறார்கள். செருப்பில்லாத கால்கள். சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே வரிசையாக அடி வைத்துப் போகும் பக்தர்களை அந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தாரைவிட அந்தக் கோடு சூடு குறைந்தது, வழவழப்பானது, ஜல்லி உறுத்தாது. கொப்புளம் வெடித்த காலுக்கு அதுதான் ஆறுதல். லாரியின் இடதுபக்கச் சக்கரமும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் வருகிறது. பூசம் நெருங்கும் நாள்களில் வாகனம் மோதி பக்தர்கள் இறந்த செய்தி ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் நாளிதழில் வருகிறது. மறுநாள் அடுத்த செய்தி வந்துவிடுகிறது.

இந்தச் சாலையோரம் பக்தர்களுக்கென்றே சிமென்ட் கல் பதித்த நடைபாதை இல்லாமல் இல்லை. ஆனால் பல இடங்களில் கல் பெயர்ந்து கிடக்கிறது, கருவேல முள் படர்ந்திருக்கிறது, கடைப் பந்தல்களும் நிறுத்திய வண்டிகளும் அதை அடைத்துக்கொள்கின்றன. பாலம் வந்தால் பாதை அறுந்துபோகிறது. வெறுங்காலில் வருகிறவர் இருட்டில் முள்ளுக்குப் பயந்து சாலையில்தான் ஏறுவார். ஏறியவரைப் பார்த்து 'கவனமாக நடங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொல்வதோடு கடமை முடிந்துவிடுமா? காவல் துறை கொடுக்கும் ஒளிரும் பட்டைகள் நல்ல ஏற்பாடு, மறுப்பதற்கில்லை. தூக்கக் கலக்கத்தில் ஓட்டி வருபவரிடமிருந்து அந்தப் பட்டை காப்பாற்றாது.

அன்னதானம் போடுகிறவர்களின் மனசு பெரியது. நள்ளிரவில் சுக்குக் காபியும் சுடச்சுடப் பொங்கலும் கொடுத்து, காலுக்குத் தைலம் தேய்த்துவிடும் ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். ஆனாலும் பந்தல் சாலையை ஒட்டியே போடப்படுவதால் தட்டேந்திய வரிசை நெடுஞ்சாலைக்கு வந்துவிடுகிறது. பந்தல் எதிர்ப்புறம் இருந்தால் குழந்தைகளும் முதியவர்களும் குறுக்கே ஓடுகிறார்கள். பந்தலைச் சாலையிலிருந்து தள்ளி, நடப்பவர்கள் போகும் பக்கத்திலேயே போட வேண்டும் என்று விதி வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நடப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. நாலைந்து பேர் கைகோத்து அகலமாக நடப்பதையும், பின்னால் வரும் ஹாரன் காதில் விழாதபடி வண்டியில் பாட்டு அலற விடுவதையும் குழுத் தலைவர்கள்தான் நிறுத்த வேண்டும்.

இதையெல்லாம்விடக் கொடுமை, பெண்களின் நிலைமை. வழி நெடுகக் கழிப்பறை இல்லை. பெட்ரோல் பங்க்கில் ஒரே ஒரு கதவுக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கிறது. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். நடமாடும் கழிப்பறைகளைக் கொண்டுவந்து நிறுத்துவது ஓர் அரசுக்கு அவ்வளவு பெரிய காரியமா?

இவ்வளவு கூட்டத்தை ஒழுங்குபடுத்த முடியாது என்ற சாக்கு செல்லாது. நகரத்தார் காவடிக் குழுவினர் தலைமுறை தலைமுறையாக இதே வழியில் நடக்கிறார்கள். எந்த ஊரில் சாப்பாடு, எங்கே இளைப்பாறுவது என்பதெல்லாம் அவர்களிடம் முன்கூட்டியே முடிவான விஷயம். பூசம் முடிந்து ஊருக்குத் திரும்புவதும் நடந்தேதான். மகாராஷ்டிரத்தில் ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பண்டரிபுரத்துக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். 'திண்டி' என்ற குழு ஒவ்வொன்றுக்கும் ஊர்வலத்தில் எண் உண்டு, இடம் உண்டு. அந்த வழிகளை நான்குவழிச் சாலையாக்கும் பணிக்கு 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டியபோது, நடப்பவர்களுக்கான தனிப் பாதையும் திட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

தைப்பூசத்தைப் பொது விடுமுறையாக 2021-இல் அறிவித்தது தமிழக அரசு. அந்த நாளுக்காக நடப்பவர்களைக் காப்பதும் அதன் பொறுப்புதான். பழநிக் கோயில் உண்டியல் எண்ணிக்கை கோடிகளில் அறிவிக்கப்படுகிறது. நடந்து வருகிறவர்களின் காணிக்கையும் அதில் இருக்கிறது. ஆகவே பணமில்லை என்றும் சொல்ல முடியாது.

பூசத்தையொட்டிப் பழநியைச் சுற்றிச் செய்யும் போக்குவரத்து மாற்றத்தை, முந்தைய சில இரவுகளுக்குத் திண்டுக்கல் வரை நீட்டிக்க வேண்டும். கோவைக்குப் போகும் கனரக வாகனங்களைக் கரூர் வழியாகத் திருப்பிவிடலாம். சிவகங்கை, மதுரை, திண்டுக்கல் மாவட்ட நிர்வாகங்கள் தனித்தனியாகக் கூட்டம் போடாமல், முழுப் பாதைக்கும் பொறுப்பான ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும். மார்கழியில் மாலை போட்டவர்கள் கிளம்புவதற்கு முன்பே, நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள் நத்தத்திலிருந்து பழநி வரை இரவுகளில் நடந்து பார்த்து, நடைபாதை எங்கெங்கே அறுபட்டிருக்கிறது, எப்போது சரியாகும் என்ற பட்டியலை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நத்தம்