மொட்டை மெசேஜும் 300 ரூபாயும்

பி.காம். படிக்கிறவனைப் பார்த்தால் ஊரில் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி, "அப்புறம் என்ன தம்பி, சி.ஏ.வா, பேங்க் எக்ஸாமா?" என்பதுதான். நான் இன்னும் அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. காலேஜ் விட்டதும் சாயங்காலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் டேலி என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு ஏப்ரல் மாதம் 300 ரூபாய் செலவில் ஒரு பாடம் படித்தேன். காலேஜ் ஃபீஸை நினைத்தால் இது சல்லிசுதான் :-)

நடந்தது இதுதான். ஏப்ரல் 20. சார் வெளியூரில் இருந்தார். வாட்ஸப்பில் ஒரு மெசேஜ் வந்தது: "ரிட்டர்ன் போட்டாச்சா?" நான் அப்போது ஒரு ஜவுளிக்கடைக் கணக்கில், டேமேஜ் ஆன சேலைகளைத் திருப்பி அனுப்பிய பர்ச்சேஸ் ரிட்டர்ன் என்ட்ரிகளை முடித்துவிட்டு நிமிர்ந்திருந்தேன். "போட்டாச்சு சார்" என்று பதில் அனுப்பினேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சுபம்.

அவர் கேட்டது அதையல்ல. ஒரு பெயின்ட் கடையின் மார்ச் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னை. அதற்கு அன்றுதான் கடைசி நாள். வழக்கமாக அதைப் போடுகிற அண்ணன் லீவு. போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருப்பார் என்று சார் நினைத்துக்கொண்டார். 26-ஆம் தேதி பார்ட்டியே போன் பண்ணிக் கேட்டபோதுதான் குட்டு உடைந்தது. நாளுக்கு 50 ரூபாய் வீதம் ஆறு நாளுக்கு 300 ரூபாய் லேட் ஃபீஸ், வட்டி தனி. அந்த 300 என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. கூடவே இலவச இணைப்பாக, "புரியலைன்னா கேட்க வேண்டியதுதானேடா?"

எனக்கு ஆத்திரம் வந்தது 300 ரூபாய்க்காக அல்ல, இந்தக் கேள்விக்காக. பிரச்சினையே எனக்குப் புரிந்துவிட்டது என்பதுதானே! தப்பாகப் புரிந்தது, ஆனால் சந்தேகமே இல்லாமல் புரிந்தது. சந்தேகம் வந்தவன் கேட்பான். வராதவன் எதைக் கேட்பான்? ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி ரிட்டர்ன், இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன், டிடிஎஸ் ரிட்டர்ன், பர்ச்சேஸ் ரிட்டர்ன், சேல்ஸ் ரிட்டர்ன், செக் ரிட்டர்ன் என்று அரை டஜன் இருக்கிறது. அதில் எது என்பது அனுப்பியவர் மண்டைக்குள் மட்டும் இருந்தது. தனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது என்பதே கேட்பவனுக்குத் தெரியாது. ஆகவே சொல்ல வேண்டிய பொறுப்பு தெரிந்தவருடையது. இதுதான் என் கட்சி.

சின்ன ஆபீஸ் சமாச்சாரத்துக்கு இவ்வளவு அலட்டலா என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1854 அக்டோபர் 25, கிரிமியப் போர், பாலக்ளாவா என்ற இடம். பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு குன்றின் மேல் நின்று பார்க்கிறார். பக்கத்து மேட்டில், பிடிபட்ட பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துக்கொண்டு போவது அவருக்குத் தெரிகிறது. குதிரைப்படை வேகமாக முன்னேறி அதைத் தடுக்க வேண்டும் என்று உத்தரவு அனுப்புகிறார். எந்தப் பீரங்கி, எந்தத் திசை? சீட்டில் இல்லை. கீழே பள்ளத்தாக்கில் இருந்த லூக்கன் பிரபுவுக்கு மேட்டில் நடப்பது தெரியவில்லை. சீட்டைக் கொண்டுவந்த கேப்டன் நோலனிடம் கேட்டார். (கவனிக்க: அவர் கேட்கவும் செய்தார்!) நோலன் பொத்தாம்பொதுவாகக் கையை நீட்டினார். விளைவு, சுமார் 670 குதிரை வீரர்கள் மூன்று பக்கமும் பீரங்கிகள் இருந்த பள்ளத்தாக்குக்குள் நேராகப் பாய்ந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நோலன் தொடக்கத்திலேயே செத்துப்போனதால், கை நீட்டியதற்கு என்ன அர்த்தம் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. பிறகு ராக்லன் எழுதிய அறிக்கையில், லூக்கன் உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று பழி போனது.

குன்றின் மேல் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். தனக்குத் தெரிவது கீழே இருப்பவனுக்கும் தெரியும் என்றும் நினைத்துக்கொள்வார். அன்றைக்குச் சீட்டு, இன்றைக்கு வாட்ஸப். குன்றும் பள்ளமும் அப்படியே இருக்கின்றன.

அடுத்த வாதம், "சுருக்கமாகச் சொல்வதுதான் ப்ரொஃபஷனல்." காலேஜில் சாஃப்ட் ஸ்கில்ஸ் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் 'க்ரிஸ்ப், க்ரிஸ்ப்' என்று முறுக்கு விற்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போகிறார்கள். உடனே யாராவது வள்ளுவரை இழுப்பார்கள், ஏழே சீரில் சொல்லவில்லையா என்று. ஐயா, அந்த ஏழு சீருக்கு மேலே அதிகாரத் தலைப்பு இருக்கிறது, கூடவே ஒன்பது குறள் இருக்கிறது, அதற்கும் மேலே பால் இருக்கிறது. அப்படியும் பரிமேலழகர் உரை தேவைப்பட்டது. குறுந்தொகைப் பாட்டு நாலு முதல் எட்டு அடிதான். அதற்கும் யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்று கீழே ஒரு குறிப்பு இருக்கிறது. சுருக்கம் வேறு, மொட்டை வேறு. "பெயின்ட் கடை மார்ச் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாச்சா? இன்னைக்குக் கடைசி நாள், அண்ணன் லீவு" என்று அடிக்க இன்னும் பத்து விநாடி ஆகியிருக்குமா?

அந்தப் பத்து விநாடி கேட்பவனுக்காக மட்டும் அல்ல. நம் காமர்ஸ்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். குறிப்பேட்டில் பற்று, வரவு இரண்டும் சரியாக எழுதினாலும், கீழே அடைப்புக்குறிக்குள் "இன்ன காரணத்துக்காக" என்று நரேஷன் எழுதாவிட்டால் மார்க் போச்சு. முதல் வருஷத்தில் எனக்கு இது வெட்டிவேலையாகத் தெரிந்தது. ஆபீஸில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. நரேஷன் எழுத முடியாமல் பேனா நிற்கிற இடத்தில், அந்தப் பணம் எதற்குப் போனது என்றே நமக்குத் தெரியாது. அப்படிப்பட்டதைத்தான் அனாமத்துக் கணக்கில் தள்ளுகிறோம். பேச்சும் அப்படியே. எது, ஏன், எப்போதைக்குள் என்று எழுத முயன்றிருந்தால், அண்ணன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாரா என்பது தனக்கே உறுதியில்லை என்று சாருக்கு அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். விவரம் சேர்ப்பது மரியாதை என்பதை விட, அது முதலில் யோசனை.

நியாயமாகச் சொன்னால் என் பதிலும் மொட்டைதான். "ஜவுளிக்கடை பர்ச்சேஸ் ரிட்டர்ன் போட்டாச்சு சார்" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பேரும் மொட்டையாகப் பேசியதற்கு ஒருத்தன் சம்பளத்தில் மட்டும் பிடித்தம் என்பதை எந்தக் கணக்கிலும் என்னால் டேலி பண்ண முடியவில்லை.

இப்போதெல்லாம் சாரிடமிருந்து மெசேஜ் வந்தால், "எந்தப் பார்ட்டி, எந்த மாசம் சார்?" என்று கேட்டுவிடுகிறேன். எரிச்சல்படுகிறார். படட்டும். பரீட்சையில் நரேஷன் எழுதாவிட்டால் எழுதாதவனுக்கு மார்க் குறையும். ஆபீஸில் எழுதாதவருக்கு ஒன்றும் குறைவதில்லை, கீழே இருப்பவனுக்குத்தான் குறைகிறது. நாளைக்கு நாமும் ஏதாவது ஒரு குன்றில் ஏறி உட்காருவோம். அப்போதாவது இது ஞாபகம் இருக்கட்டும்.

பி.கு: இதைப் படித்துவிட்டு "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது என்று சொல்லுங்கள் :-)