செல்போனை அணைக்க வேண்டாம், ஃபார்வர்டை நிறுத்துங்கள்

அன்பு மாணவர்களுக்கும் சொந்தங்களுக்கும்,

"இன்று இரவு சூரியப் புயல். பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள். உடம்புக்கு ஆபத்து." இந்த வாரம் நான்கு பேர் எனக்கு இதை அனுப்பினீர்கள். மூன்று பேர் என்னிடமே இயற்பியல் படித்தவர்கள். கோபம் அதனால்தான்.

சூரியனிலிருந்து ஓயாமல் மின்துகள்கள் வீசிக்கொண்டே இருக்கின்றன. அதுதான் சூரியக்காற்று. சாதாரண நாளில் நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகம். திடீரென வேகமும் அடர்த்தியும் கூடி மோதினால், பூமியைச் சுற்றியுள்ள காந்தக் கூடு அமுங்கும். அதன் விளிம்பில் ஓடும் மின்னோட்டம் பெருகும். சில நிமிடங்களில் தரையில் காந்தப்புலம் சில பத்து நானோடெஸ்லா எகிறும். நம் ஊரில் மொத்தப் புலம் சுமார் 40,000 நானோடெஸ்லா. கணக்குப் போடுங்கள், ஆயிரத்தில் ஒரு பங்கு! உங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் இதைவிடப் பல மடங்கு பலமானது.

"அப்போ எல்லாம் புரளிதானே சார்" என்று சிரிக்கிறவர்களே, நீங்களும் தப்பு. ஃபாரடே விதி மறந்துவிட்டதா? புலத்தின் அளவு அல்ல, அது மாறும் வேகம்தான் மின்னழுத்தத்தைத் தூண்டும். கையளவு செல்போனில் அது ஒன்றுமில்லை. நூற்றுக்கணக்கான கி.மீ. நீளும் மின்கம்பிகளில் அது டிரான்ஸ்ஃபார்மரைத் திணறடிக்கும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக்கில் சுமார் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள்.

அது துருவத்துக்காரர்கள் கவலை என்றும் தள்ளிவிடாதீர்கள். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டித்தான் போகிறது. அங்கே பகலில் சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தால் இந்தத் திடீர் எகிறல் இன்னும் பெரிதாகத் தெரியும். இதையெல்லாம் அளக்க திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்திலேயே ஆய்வகம் இருக்கிறது. 15 லட்சம் கி.மீ. தொலைவில் நம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரி முதல் காவல் நிற்கிறது. அந்த இடத்தைத் தாண்டிய புயல் இங்கே வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. தினமும் "புலி வருது" கேட்டுப் புளித்த காதில், அன்றைக்கு மெய்யான எச்சரிக்கை ஏறுமா?

என் மேலும் தப்பு உண்டு. காந்த ஊசி வடக்கே காட்டும் என்று எழுதினால் முழு மதிப்பெண் போட்டேன். அந்த ஊசி சில நாள் ஏன் நடுங்குகிறது என்று சொல்லித்தரவே இல்லை. பாடத்தில் இல்லை என்று விட்டுவிட்டேன்.

இனி எதையும் அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எவ்வளவு? எதன்மேல்? அளந்தது யார்? பதில் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

உங்கள் சார்