விசில் அடிச்சுட்டா பிடி ஆயிடுமா?

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வர முடியலை. இன்னிக்கு ஒரு விஷயத்தைக் கொட்டிட்டுத்தான் போறதா இருக்கேன். விஷயம் கபடி. இன்னும் சரியாச் சொன்னா, கபடியில 'பிடி'யை நடுவருங்க தீர்மானிக்கிற லட்சணம்.

2025ல 'பைசன்' வந்தாலும் வந்துச்சு, மெட்ராஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரன் வரைக்கும் கபடி பேசறான். நல்லதுதான். மணத்தி கணேசன் அண்ணாச்சி 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில தங்கம் வாங்கின அணியில ஆடினவர், அர்ஜுனா விருது வாங்கினவர். அவர் ஊர் தாமிரபரணிப் பக்கம். எங்க விளாத்திகுளம் அதே மாவட்டம்தான், ஆனா மழையை நம்பின கரிசக்காடு. மிளகாயும் உளுந்தும் கம்பும் போட்டுட்டு வானத்தைப் பார்க்கிற ஊர். பக்கத்துல கோவில்பட்டிக்கு ஹாக்கி, அங்கே செயற்கைப் புல் தரையே இருக்கு. எங்க ஊர்ப் பக்கம் கபடிக்குச் செலவே இல்லை. கரிசல் வெடிச்சுக் கிடக்கும்கிறதால நாலு டிராக்டர் மணல் அடிக்கணும், சுண்ணாம்புல கோடு போடணும். அவ்வளவுதான்.

மேட்டருக்கு வர்றேன். பாடிப் போறவனை எதிரணி பிடிச்சா அவன் எப்போ அவுட்? சின்னப் பிள்ளையில நாம படிச்ச விதி ரொம்ப எளிசு. பிடிச்சு வச்சு, மூச்சு விடுற வரைக்கும் அவனை நடுக்கோட்டுக்குப் போக விடலைன்னா அவுட். மூச்சு இருக்கும்போதே விரல் நுனி நடுக்கோட்டுக்கு எட்டிருச்சுன்னா அவன் தப்பிச்சான், அவனைத் தொட்டவங்க அத்தனை பேரும் வெளியே. ஏழு பேர் மேல விழுந்து அமுக்கினாலும், மூச்சும் விரலும் இருந்தா ஆட்டம் இருக்கு. இதுதான் கபடியோட உசிரே.

இப்போ என்ன நடக்குது? ரெண்டு பேர் காலைப் பிடிச்சு ஒருத்தர் இடுப்பைக் கட்டினதுமே நடுவர் விசில். அவனுக்கு மூச்சு இருக்கா? 30 செகண்டுல மிச்சம் இருக்கா? கை கோட்டுப் பக்கம் நகருதா? எதுவும் கணக்கில்லை. நடுவருக்கு 'இவன் இனி தப்பிக்க மாட்டான்'னு தோணிடுச்சு, அவ்வளவுதான். நடந்ததைப் பார்த்துச் சொல்றது நடுவர் வேலை. நடக்கப் போறதைச் சொல்றதுக்குப் பேரு ஜோசியம்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தேர்வுப் போட்டி. எந்த ஊர், யார் நடத்தினதுன்னு சொல்லப் போறதில்லை. என் சித்தப்பா பையன் பாடிப் போனான். கார்னர்ல கணுக்காலைப் பிடிச்சுட்டாங்க. இழுத்துக்கிட்டே வந்தான். கை கோட்டுல விழறதுக்கும் விசிலுக்கும் அரை செகண்டு இடைவெளி இருந்தா பெரிசு. எழுந்து போய், "சார், மூச்சு விடலை சார், கோட்டைத் தொட்டுட்டேன்"னான். "விசில் அடிச்சாச்சு தம்பி, போய் உக்காரு"ன்னார் நடுவர். கோட்டைக் காட்டலாம்னு குனிஞ்சா அங்கே கோடே இல்லை. நாலு பேர் உருண்டதுல சுண்ணாம்பு மண்ணோட போயிடுச்சு. மண் தரையில கோடு எப்போ அழியும்? எப்போ அது வேணுமோ, கரெக்டா அப்போதான் அழியும். பையன் அணியில வரலை.

ஒரு பாயின்ட்தானேன்னு சொல்லாதீங்க. தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. ரயில்வே, போலீஸ்னு கபடியால வேலைக்குப் போனவங்க நம்ம பக்கத்துல எத்தனை பேர்! அதுக்கு சர்டிபிகேட் வேணும். சர்டிபிகேட்டுக்கு மாவட்டம், மாநிலம்னு ஏறணும். அந்த முதல் படியில ரிவ்யூ கிடையாது, கேமரா கிடையாது. ஒரு விசில்தான். மழை பொய்ச்ச வருஷம் ஒரு சம்சாரி வீட்டுல அந்த விசிலுக்கு என்ன விலைன்னு கரிசக்காட்டுல பொறந்தவனுக்குத் தெரியும்.

"கேமரா வச்சா சரியாப் போயிடும்"னு சொல்ற ஐடி சிங்கங்களே, உங்களுக்குத்தான் அடுத்த பாரா. நானும் அதே தொழில்தான்.

2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசியப் போட்டி, ஆண்கள் இறுதி ஆட்டம். இந்தியா, ஈரான் 28-28. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் சொச்சம். பவன் ஷெராவத் பாடிப் போறார். யாரையும் தொடாமலே லாபிக்குள்ள கால் வச்சுடறார். தொட்டாத்தான் லாபி திறக்கும், அது உங்களுக்குத் தெரியும். ஆனா அவரைத் துரத்தின ஈரான் ஆட்டக்காரங்களும் லாபிக்குள்ள வந்துட்டாங்க. பழைய விதிப்படி வந்தவங்களும் அவுட்னு இந்தியா சொன்னது. புது விதிப்படி பவன் கால் வச்ச உடனேயே ஆட்டம் முடிஞ்சது, ஒரு பாயின்ட் எங்களுக்கு மட்டும்தான்னு ஈரான் சொன்னது. தீர்ப்பு மாறுச்சு, திரும்ப மாறுச்சு. வீரர்கள் மேட்லயே உக்காந்துட்டாங்க. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்னது. கடைசியில 33-29னு இந்தியாவுக்குத் தங்கம்.

கவனிங்க. அங்கே கேமராவுக்குப் பஞ்சமில்லை. யார் கால் எங்கே இருந்துச்சுன்னு ஒருத்தரும் சண்டை போடலை. எந்த விதிப் புத்தகம்னுதான் சண்டை! நம்ம பாஷையில சொன்னா, ஸ்பெக் ரெண்டு வெர்ஷன் ஒரே நேரத்துல லைவ்ல ஓடுது. அப்புறம் எத்தனை கேமரா வச்சு டெஸ்ட் பண்ணி என்ன புண்ணியம்? நாம ஜெயிச்சதால இங்கே யாரும் இதைப் பத்திப் பேசலை. தோத்திருந்தா தெரியும் சேதி. :-)

இது நமக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்காக்காரன் ஃபுட்பால்னு ஒண்ணு ஆடுவானே, பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறது, அங்கேயும் இதே தலைவலிதான். 2015 ஜனவரி 11 அன்னிக்கு டல்லாஸ், கிரீன் பே ஆட்டத்துல டெஸ் பிரையன்ட் எகிறிப் பந்தைப் பிடிச்சார். ஸ்டேடியமே கேட்ச்னு பார்த்தது, நடுவரும் கேட்ச்னுதான் சொன்னார். வீடியோ பார்த்து இல்லைன்னு மாத்தினாங்க. ஸ்லோ மோஷன் எல்லாத்தையும் காட்டுச்சு, ஆனா கேட்ச்னா என்னன்னு அது சொல்லுமா? கடைசியில 2018ல விதியையே திருத்தி எழுதினாங்க.

அங்கே இன்னொரு விதி உண்டு. பந்தோட ஓடறவனைப் பிடிச்சுப் பின்னாடி தள்ளினாலும், அவன் அதிகபட்சம் எவ்வளவு தூரம் முன்னேறினானோ அங்கேதான் பந்தை வைப்பாங்க. அதனால அங்கே நடுவர் சீக்கிரம் விசில் அடிச்சா, அதுவரைக்கும் அவன் போன தூரமாவது அவன் கணக்குல நிக்கும். கபடியில பாதி தூரத்துக்கெல்லாம் கணக்கே இல்லை. பாக் லைன்ல இருந்து நடுக்கோடு 3.75 மீட்டர். அதுல 3.74 மீட்டர் இழுத்துட்டு வந்தாலும் சைபர்தான். கடைசி விரல்கடையிலதான் மொத்த பாயின்ட்டும். அப்படிப்பட்ட ஆட்டத்துல அவசர விசில் எவ்வளவு பெரிய அநியாயம்!

"அடிபட்டுடும்பா, பாதுகாப்புக்குத்தான் விசில்"னு ஒரு வாதம் வரும். நியாயமான வாதம். கழுத்து மடங்கி, முட்டி திரும்பிக் கிடக்கிறவனை அப்படியே விடச் சொல்லலை. அப்படின்னா அதை விதியா எழுதுங்க. பாடுறவன் அசையாமக் கிடந்தா நடுவர் சத்தமா ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணட்டும். மூணுக்குள்ள நகரலைன்னா அவுட். மல்யுத்தத்துல தோள் தரையில படுறதைப் பார்க்கிற மாதிரி, சுத்தி நிக்கிற எல்லாரும் பார்க்கட்டும், கேட்கட்டும். ஒரு ஆள் மண்டைக்குள்ள இருக்கிற கடிகாரத்தை நம்பி ஆடச் சொல்லாதீங்க.

"நடுவர் தீர்ப்பே இறுதி" - இது அடுத்த வாதம். இறுதின்னா இருக்கட்டும். ஆனா காரணம் சொல்லணும். மூச்சு விட்டான், நேரம் முடிஞ்சது, கோடு எட்டலை, மூணுல எது? 'விசில் அடிச்சாச்சு'ங்கிறது காரணமே இல்லை.

பழைய காலத்துல இந்தக் குழப்பம் கம்மின்னு நினைக்கிறேன். ஏன்னா மூச்சுதான் கடிகாரம். 'கபடி கபடி'ங்கிற சத்தம் நின்னா வேலிக்கு வெளியே நிக்கிற கிழவிக்கும் தெரியும். ஒரு ராகத்தை மணிக்கணக்காப் பாடின விளாத்திகுளம் சுவாமிகள் ஊர்க்காரங்க நாங்க, எங்களுக்கா மூச்சோட அருமை தெரியாது? விதிப்படி இன்னிக்கும் பாடணும்தான். ஆனா டிவி ஆட்டத்துல மைக் சத்தத்திலயும் பாட்டுலயும் யார் பாடறா, யார் வாயை மட்டும் அசைக்கிறான்னு எந்த நடுவர் கேட்கிறார்?

நான் கேட்கிறது பெரிசா ஒண்ணுமில்லை. டிவி மேட்டுக்கும் ஊர் மணலுக்கும் ஒரே விதி. அது தமிழ்ல அச்சடிச்சு, ஆட்டம் தொடங்க முன்னாடி ரெண்டு கேப்டன் கையிலயும் இருக்கணும். மண் தரைன்னா நடுக்கோட்டுல சுண்ணாம்புக்குப் பதிலா ஒரு நாடாவை ரெண்டு பக்கமும் ஆணி அடிச்சுப் பதிங்க, அம்பது ரூபாய் கூட ஆகாது. ரெண்டு அம்பயர்ல ஒருத்தர் பிடி விழுந்ததுமே ஆட்களை விட்டுட்டுக் கோட்டை மட்டும் பார்க்கட்டும். மாவட்டத் தேர்வுப் போட்டியில இருந்தே இதைத் தொடங்குங்க. இதுக்கு லட்சம் கோடியெல்லாம் வேண்டாம் சாமி, மனசு இருந்தாப் போதும்.

கபடி தெரிஞ்ச அண்ணாச்சிகள் பின்னூட்டத்துல கும்மலாம். 'நீ ஆடியிருக்கியா'ன்னு கேட்கப் போறவங்களுக்கு: காலேஜ்ல ரெண்டு வருஷம் ரைட் கவர். அதனால பிடிக்கிறவன் பக்கத்து நியாயமும் தெரியும். நல்லாப் பிடிச்சவனுக்கு அவசர விசில் தேவையே இல்லை. முப்பது செகண்டும் பிடிச்சு வச்சுக்குவான்.

டிஸ்கி: சித்தப்பா பையன் இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கான். இந்த வருஷத் தேர்வுக்கும் போறான். நாடா நான் வாங்கிக் கொடுத்துட்டேன், கோட்டுல அடிக்க விடுவாங்களான்னுதான் தெரியலை.