சேவை சரி, சம்பளம் எங்கே?

மார்த்தாண்டம், கருங்கல், புதுக்கடை வட்டாரத்தில் பிளஸ் டூ முடித்து நர்சிங் சேரும் பெண்களிடம் காரணம் கேட்டால், "சேவை செய்ய" என்ற பதில்தான் முதலில் வரும். அது பொய்யல்ல. ஆனால் கையில் ஒரு தொழில், சொந்தச் சம்பளம், வளைகுடாவில் வேலை, அடைய வேண்டிய வீட்டுக் கடன் என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றைச் சொல்ல நம் பிள்ளைகள் ஏன் கூச்சப்பட வேண்டும்? பொறியியல் படிக்கும் மாணவனிடம் யாரும் தியாகத்தை எதிர்பார்ப்பதில்லையே!

விடை சாதியின் வரலாற்றில் இருக்கிறது. ரத்தம், சீழ், மலம், பிரசவம் எல்லாமே சாதியச் சமூகத்துக்குத் தீட்டு. பிரசவம் பார்க்க மருத்துவச்சி வேண்டும். அவரைச் சமமாக உட்காரவைக்க மட்டும் மனம் வராது. 1838இல் லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியபோது, இதே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோளை மறைக்கப் போராடிக்கொண்டிருந்தார்கள். 1859இல்தான் அரசு ஓரளவு பணிந்தது. ஆதிக்கச் சாதியினர் தீட்டென்று ஒதுங்கிய செவிலியர் பணிக்கு நெடுங்காலம் பெருமளவில் வந்தவர்கள் கிறித்தவப் பெண்களே. படிப்பும் சம்பளமும் அவர்களுக்கு விடுதலைக்கான வழியாயின.

அன்று தீட்டென்று இழித்த வேலையை இன்று புனிதம் என்று புகழ்கிறார்கள். கூலி மட்டும் உயரவில்லை. 2015இல் தேர்வெழுதி வந்த ஒப்பந்தச் செவிலியர்களுக்குத் தமிழ்நாடு அரசே மாதம் 7,700 ரூபாய்தான் கொடுத்தது. 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு பணி நிரந்தரம் கேட்டார்கள். உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி 2016இல் அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட செவிலியருக்கு 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரப் பரிந்துரைத்தது. உங்கள் ஊர் மருத்துவமனையில் இன்று எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

செவிலியராகப் போகும் தோழர்களுக்கும் ஒரு சொல். மருத்துவமனையில் மலம் அள்ளும் தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்று உங்களுக்குத் தெரியும். நம்மீது சுமத்திய தீட்டை அவர்மீது இறக்கிவைத்தால் அது விடுதலையல்ல. அவருடைய ஊதியத்தையும் சேர்த்தே கேளுங்கள்.

தமிழ்நாட்டோடு இணையக் கேட்டு 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிக் குண்டுக்கு மக்களைப் பறிகொடுத்த ஊர் புதுக்கடை. உரிமை கேட்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அன்போடு பணி செய்வோம். உரிய சம்பளத்தையும் கேட்டு வாங்குவோம்.