ஆப் மாறினால் ராஜா பாட்டு எங்கே போகிறது?

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் பண்ணைப்புரம், இளையராஜா பிறந்த ஊர். தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னை, பெங்களூரு போனவர்களின் போனில் 'ராஜா' என்று ஒரு ப்ளேலிஸ்ட் இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் அதை ஒரு ஆப்பிலிருந்து இன்னொரு ஆப்புக்கு மாற்றிப் பாருங்கள். சில பாட்டு வரவே வராது. சிலது, யாரோ பாடிய கவர் வெர்ஷனாக வந்து நிற்கும்.

இது ஆசைக்கு ஆப் மாற்றுபவர்களின் பிரச்சினை மட்டுமல்ல. 2024-ல் ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடுவதாக அறிவித்தபோது, வருஷக்கணக்கில் சேர்த்த லிஸ்ட்டோடு பலர் வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? ப்ளேலிஸ்ட்டுக்குள் பாட்டு இல்லை, பாட்டின் முகவரி மட்டும்தான் இருக்கிறது. அந்த முகவரி ஒவ்வொரு ஆப்பிலும் வேறு. அதனால் புது ஆப், 'இது அந்தப் பாட்டுதானா?' என்று தன் கிடங்கில் தேடிப் பொருத்த வேண்டும்.

இதற்கு உதவுவது ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து–எண் குறியீடு. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒன்று. இந்தத் தரம் வந்தது 1986-ல். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். பழைய பதிவுகளுக்கு டிஜிட்டலாக்கும்போதுதான் குறியீடு கிடைத்தது. ஒரே பதிவை வெவ்வேறு கம்பெனிகள் வெளியிட்டால், நடைமுறையில் வெவ்வேறு குறியீடும் விழுந்துவிடுகிறது. ராஜா பாட்டுகளின் உரிமை பற்றி நீதிமன்றம் வரை போன தகராறுகள் வேறு இருக்கின்றன. உரிமை கைமாறினால் பாட்டு ஒரு ஆப்பில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது.

குறியீடு பொருந்தாவிட்டால் பெயரை வைத்துத் தேடும். அங்கேதான் தமிழுக்கு அடி. இளையராஜா என்பதையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள். பாட்டின் முதல் வரியில் ஒரு 'ழ' இருந்தால் போச்சு, ஆளுக்கொரு ஸ்பெல்லிங்.

இந்த ஒரு விஷயத்தில் கேசட் காலமே மேல். பேப்பரில் பாட்டு, படம் பெயர் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்தால், எந்தக் கடைக்காரரும் புரிந்துகொண்டு 60 அல்லது 90 நிமிட கேசட்டில் பதிந்து தருவார்.

மெமரி கார்டு, பென் டிரைவில் சொந்தமாகப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். எம்3யு என்ற ப்ளேலிஸ்ட் ஃபைல், எந்த டிரைவில் எந்த ஃபோல்டர் என்ற வழியைத்தான் எழுதி வைக்கிறது. நண்பரின் லேப்டாப்பில் அந்த ஃபோல்டர் இல்லையென்றால் லிஸ்ட் திறக்கும், பாட்டு ஓடாது. லிஸ்ட்டையும் பாட்டுகளையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ஃபைல் பெயர் மட்டும் பதிவாகும்படி சேவ் செய்து, ஃபோல்டரோடு கொடுத்தால் தப்பிக்கலாம்.

சட்டம் கைகொடுக்குமா? 2019 தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், நம் தரவை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஐரோப்பாவில் அந்த உரிமை இருக்கிறது. ஆப்பிள் மியூசிக்கிலிருந்து யூடியூப் மியூசிக்குக்கு லிஸ்ட்டை மாற்றும் அதிகாரப்பூர்வ வசதி 2024-ல் வந்தது. அதிலும் நீங்கள் உருவாக்கிய லிஸ்ட்தான் போகும்; நண்பர் பகிர்ந்தது போகாது. மற்ற ஆப்களுக்கு டியூன்மைமியூசிக், சவுண்டீஸ் போன்ற சேவைகள் உண்டு.

எதில் மாற்றினாலும், பழைய கணக்கை உடனே மூட வேண்டாம். இரண்டு பக்கமும் பாட்டு எண்ணிக்கையை ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைப் படம், வருடம், பாடகர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தேடிச் சேருங்கள்.